ஒரகடம் ரோட்டில் ஒரு காந்தச் சங்கிலி

சிங்கப்பெருமாள்கோவிலில் இருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில், ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒரு முறையாவது மாட்டியவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமாக இருக்கும். புதுக் கார்களை ஏற்றிய நீள ட்ரெய்லர்கள், துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர்கள், உதிரிபாகம் ஏற்றிய சின்ன லாரிகள், ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குகிறவர்களோடு கம்பெனி பஸ்கள். எல்லாம் நிற்கும். பத்து நிமிடம் கழித்து எல்லாம் நகரும். எதனால் நின்றது, எதனால் நகர்ந்தது என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. விபத்து எதுவும் இருக்காது. பள்ளம் கூட இருக்காது.

இந்த வழித்தடம் இவ்வளவு பெரிதாகி அதிக வருடம் ஆகவில்லை. 1996ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள், 1998ல் சான்ட்ரோ வெளியே வந்தது. 2006ல் நோக்கியா வந்தது, 2014ல் மூடப்பட்டது. 2010ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2012ல் டைம்லர், 2013ல் ராயல் என்ஃபீல்டு. இவர்களுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சின்னக் கம்பெனிகள் சுற்றிலும் ஏராளம். கார் தொழிலில் சரக்கை மாதக் கணக்கில் குவித்து வைப்பதில்லை, தேவைப்படும் நேரத்துக்குத்தான் வந்து சேர வேண்டும். ஜஸ்ட் இன் டைம் என்று பி.காம். புத்தகத்தில் இரண்டு பக்கத்தில் முடித்துவிடுவார்கள். ரோட்டில் அது அப்படி முடிவதில்லை! வரிசையில் நிற்கிற லாரிதான் அங்கே குடோன். அதற்கு வாடகை கட்டுவது யார் என்றால், டிரைவரும் வீட்டுக்குப் போகக் காத்திருக்கும் தொழிலாளியும்தான்.

இதில் ஒரு கேள்வி இருக்கிறது. ஒரு நீளமான வழி, ஒரு பக்கம் வண்டிகள் உள்ளே வருகின்றன, மறு பக்கம் வெளியே போகின்றன. நெரிசல் எதனால் வருகிறது? வழியினாலா, நுழைவாயிலினாலா, வெளிவாயிலினாலா? ரோட்டை அகலப்படுத்தினால் தீருமா, கேட்டைச் சரி செய்தால் தீருமா? டீக்கடையில் ஆளுக்கு ஒரு பதில் கிடைக்கும். ஆனால் இந்தக் கேள்வியின் மிக எளிய வடிவத்துக்குக் கணித இயற்பியலில் துல்லியமான, தோராயமே இல்லாத விடை 1993ல் கிடைத்துவிட்டது. அந்த விடையின் வரலாறு ரோட்டில் தொடங்கவில்லை. ஒரு காந்தத்தில் தொடங்கியது. நடுவில் சென்னையும் திருச்சியும் மும்பையும் வருகின்றன.

*

முதலில் 'தீர்க்கத்தக்க அமைப்பு' என்றால் என்ன என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இண்டெக்ரபிள் சிஸ்டம் என்பார்கள். சூரியன், பூமி என்று இரண்டே பேர் இருந்தால் அவர்களுடைய பாதையை நியூட்டன் கணக்கு போட்டு முடித்துவிட்டார். மூன்றாவதாக ஒருவர் வந்ததும் கணக்கு சிக்கிக்கொண்டது. மூன்று பேருக்குப் பொதுவான சூத்திரம் ஏன் கிடைக்கவில்லை என்பதை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாயின்கரே விளக்கினார். இயற்பியலில் பெரும்பாலான கணக்குகள் இந்த மூன்று பேர் கணக்கு மாதிரிதான். ஏதோ சில மட்டும் அதிர்ஷ்டக்காரக் கணக்குகள். அவற்றில் எத்தனை பேர் நகர்கிறார்களோ அத்தனை மாறாத அளவுகள் ஒளிந்திருக்கும். ஆற்றல், உந்தம் என்று இரண்டோடு நிற்காது, பத்து பேர் என்றால் பத்து. கணக்குப் புத்தகத்தில் ஒரே ஒரு டேலி இருந்தால் தப்பு எங்கே என்று தேட வேண்டும், ஒவ்வொரு வரிக்கும் ஒரு டேலி இருந்தால் தேடவே வேண்டாம் இல்லையா? அது மாதிரி.

இதன் முதல் தடயம் 1834ல் எடின்பரோ அருகே யூனியன் கால்வாயில் கிடைத்தது. குதிரைகள் இழுத்து வந்த படகு சட்டென்று நின்றபோது, அதன் முன்னால் இருந்து ஒரே ஒரு நீர் மேடு கிளம்பி, உருவம் கலையாமல் போய்க்கொண்டே இருந்தது. ஜான் ஸ்காட் ரஸ்ஸல் என்ற பொறியாளர் குதிரை மேல் ஏறி ஒன்றிரண்டு மைல் அதைத் துரத்திக்கொண்டு போனார். 1895ல் கோர்ட்டவெக், டி விரீஸ் இருவரும் அதற்குச் சமன்பாடு எழுதினார்கள். அப்புறம் எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

1950களில் லாஸ் அலமாஸில் ஃபெர்மி, பாஸ்டா, உலாம் மூன்று பேரும், கணினிக்கு நிரல் எழுதிய மேரி சிங்கூவும் வேறு ஒரு சோதனை செய்தார்கள். சின்னச் சின்ன எடைகளை ஸ்பிரிங்கால் கோத்த ஒரு வரிசை. ஸ்பிரிங் கொஞ்சம் கோணலானது. ஆட்டிவிட்டால் ஆற்றல் எல்லோருக்கும் பரவிவிடும் என்று எதிர்பார்த்தார்கள். பரவவில்லை. சுற்றிச் சுற்றி ஏறக்குறைய பழைய நிலைக்கே திரும்பியது. 1965ல் ஸபுஸ்கியும் கிரஸ்கலும் இதற்குக் காரணம் ஸ்காட் ரஸ்ஸல் பார்த்த அதே மேடுதான் என்று கண்டுபிடித்து, அதற்கு 'சாலிட்டான்' என்று பெயர் வைத்தார்கள். ஒன்றோடொன்று மோதினாலும் உருவம் கெடாமல் வெளியே வருகிற அலை.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்க வேண்டும், பின்னால் உதவும். ஃபெர்மி குழு தங்கள் வரிசையின் இரண்டு முனைகளையும் ஆணியடித்து வைத்திருந்தது. ஸபுஸ்கியும் கிரஸ்கலும் முனையே இல்லாதபடி கடைசியை முதலோடு ஒட்டி ஒரு வளையமாக்கிக்கொண்டார்கள். முனை என்பது அவ்வளவு பெரிய தொல்லை!

*

காந்தத்துக்கு வரலாம். 1931ல் ஹான்ஸ் பெத்தே என்ற ஜெர்மன் இளைஞருக்கு வயது 25 கூட ஆகவில்லை. ஹைசன்பர்க் காந்தத்துக்கு ஒரு மாதிரி கொடுத்திருந்தார். ஒவ்வொரு அணுவிலும் ஒரு சின்ன அம்பு, மேலே பார்க்கும் அல்லது கீழே பார்க்கும், பக்கத்து அம்போடு ஒத்துப் போக முயலும். பெத்தே அந்த அம்புகளை ஒரே வரிசையில் நிறுத்தி, கணக்கை முழுவதுமாகத் தீர்த்துவிட்டார். எல்லா அம்பும் மேலே பார்க்கும்போது ஒன்றை மட்டும் கீழே திருப்பினால் அந்தக் 'கீழ்' ஒரு அலையாக ஓடும். இரண்டைத் திருப்பினால் இரண்டு அலைகள் ஓடி, சந்தித்து, கொஞ்சம் தாமதத்தோடு விலகும். மூன்றைத் திருப்பினால்? இங்கேதான் மூன்று பேர் சிக்கல் வர வேண்டும். வரவில்லை. மூன்று பேர் மோதலை இரண்டிரண்டு பேர் மோதல்களாகப் பிரித்து எழுதினாலே போதும் என்று பெத்தே காட்டினார்.

அவரும் வரிசையை வளையமாகத்தான் எடுத்துக்கொண்டார். அடுத்த கட்டுரையில் இதைத் தளத்துக்கும் கனத்துக்கும் விரிப்பதாக அந்தக் கட்டுரையின் கடைசியில் எழுதியிருந்தார். அந்த அடுத்த கட்டுரை வரவே இல்லை. பெத்தே அணு இயற்பியலுக்குப் போய்விட்டார், நட்சத்திரங்கள் எப்படி எரிகின்றன என்று சொன்னதற்காக 1967ல் நோபல் பரிசும் வாங்கினார். மூன்று பேர் மோதலை எந்த வரிசையில் பிரித்தாலும் ஒரே விடைதான் வர வேண்டும் என்ற நிபந்தனையை அதே 1967ல் சி. என். யாங் எழுதினார். 1972ல் ஆஸ்திரேலியாவின் ராட்னி பாக்ஸ்டர் வேறு ஒரு வழியாக அதே இடத்துக்கு வந்தார். இன்று அது யாங்-பாக்ஸ்டர் சமன்பாடு.

இதே அம்புச் சங்கிலியில்தான் தமிழ்நாடு வருகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பி. எம். மாத்யூஸ் என்று ஒரு பேராசிரியர். அவரும் வெங்கடேசனும் எழுதிய குவாண்டம் மெக்கானிக்ஸ் புத்தகத்தைத் தொடாமல் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தவர்கள் குறைவு. அவருடைய மாணவர் மு. லட்சுமணன். இருவரும் 1974ல் ஒரு விசித்திரமான ஊசலைப் பற்றி எழுதினார்கள். சாதாரண ஊசல் போலவே சீராக ஆடும், ஆனால் ஆட்டத்தின் அகலத்தைப் பொறுத்து வேகம் மாறும், இருந்தும் கணக்கு முழுமையாகத் தீரும். மாத்யூஸ்-லட்சுமணன் ஊசல் என்றே இன்றைக்கும் ஆய்வுக் கட்டுரைகளில் பெயர்.

1977ல் லட்சுமணன் 'ஃபிசிக்ஸ் லெட்டர்ஸ்' இதழில் ஒரு சின்னக் கட்டுரை வெளியிட்டார். ஹைசன்பர்க்கின் அம்புச் சங்கிலியில் அம்புகளை நெருக்கி நெருக்கி வைத்தால் அது ஒரு தொடர்ச்சியான கோடு போல ஆகிவிடும். அந்த அம்புகளை வெளியில் நெளிந்து நகரும் ஒரு வளைகோட்டின் தொடுகோடுகளாக நினைத்துக்கொண்டார். கோடு எவ்வளவு வளைகிறது, எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்ற இரண்டு அளவுகளையும் சேர்த்து எழுதினால் கிடைப்பது நேரியலற்ற ஷ்ரோடிங்கர் சமன்பாடு! கண்ணாடி இழைக்குள் ஓடும் ஒளித்துடிப்புக்கும் அதே சமன்பாடுதான் என்று ஹாசகாவாவும் டாப்பர்ட்டும் 1973லேயே சொல்லியிருந்தார்கள். அது முழுமையாகத் தீரும் என்பதை 1972ல் சகாரோவ், ஷபாத் இருவரும் காட்டியிருந்தார்கள். அதனால் காந்தச் சங்கிலியும் தீரும். அதே 1977ல் லெனின்கிராடில் தக்தாஜான் வேறு வழியில் அதையே நிரூபித்தார்.

லட்சுமணன் பிறகு திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் நேரியலற்ற இயக்கவியலுக்கு ஒரு மையத்தையே உருவாக்கினார். 1989க்கான பட்நாகர் பரிசு அவருக்குக் கிடைத்தது. 1997ல் ராதாகிருஷ்ணன், லட்சுமணன், பின்லாந்தின் ஹியெட்டாரிண்டா மூவரும், இரட்டைக் கூறு கொண்ட சாலிட்டான்கள் மோதும்போது ஆற்றலைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ள முடியும் என்று காட்டினார்கள். அதை வைத்துக் கணினியே செய்யலாமா என்று வெளிநாட்டில் சிலர் யோசிக்கத் தொடங்கினார்கள். அது தனிக் கதை.

ஆனால் இங்கேயும் ஒன்று உண்டு. 1977 கணக்கில் சங்கிலி இரு பக்கமும் முடிவே இல்லாமல் போகும். வளையம் இல்லாவிட்டால் முடிவின்மை. முனையை யாரும் தொடவில்லை.

தொட்டவர்களும் இருந்தார்கள், குறைவாக. 1971ல் பிரான்சின் மிஷேல் கோதான் இரண்டு சுவர்களுக்கு நடுவே அடைபட்ட துகள்களுக்கு பெத்தே முறையைக் கொண்டு வந்தார். வளையத்தில் ஓடும் அலை ஒரு சுற்று முடித்துத் தன் இடத்துக்கு வரும். சுவர் இருந்தால் போய், மோதி, திரும்பி வர வேண்டும், வழியில் ஒவ்வொருவரையும் இரண்டு முறை சந்திக்க வேண்டும். அப்படியானால் சுவருக்கும் ஒரு நிபந்தனை வேண்டாமா? இருவர் முதலில் ஒருவரோடொருவர் மோதிவிட்டு அப்புறம் சுவரில் மோதினாலும், முதலில் சுவரில் மோதிவிட்டு அப்புறம் தங்களுக்குள் மோதினாலும் முடிவு ஒன்றாக இருக்க வேண்டும். இதை 1984ல் செரெட்னிக் எழுதினார். 1988ல் லெனின்கிராட் பள்ளியின் ஸ்க்ளயானின், இந்த நிபந்தனைக்கு உட்படும் சுவர்களை வைத்தால் சங்கிலியின் அத்தனை டேலிகளும் அப்படியே பிழைத்துக்கொள்ளும் என்று காட்டினார். எல்லாச் சுவருக்கும் இது பொருந்தாது. தப்பான சுவரை வைத்தால், நடுவில் எவ்வளவு ஒழுங்கான சங்கிலி இருந்தாலும் கணக்கு சிக்கிவிடும். முனையில் இருக்கும் ஒருவரால் முழு வரிசையின் குணமும் மாறுகிறது.

*

இப்போது லாரிகள். ஆனால் வழியில் உயிரணுவுக்குள் ஒரு முறை போய் வர வேண்டும்.

1968ல் மெக்டொனால்ட், கிப்ஸ், பிப்கின் மூவரும் புரதம் உண்டாகும் விதத்தைக் கணக்கு போட முயன்றார்கள். ஆர்.என்.ஏ. என்ற நீளமான நாடா மேல் ரைபோசோம்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஒரே திசையில் நகரும். முந்த முடியாது. முன்னால் காலியிடம் இருந்தால் ஒரு அடி வைக்கலாம், இல்லாவிட்டால் நிற்க வேண்டும். ஒரு முனையில் ஏறும், மறு முனையில் இறங்கும். 1970ல் ஃபிராங்க் ஸ்பிட்சர் என்ற கணிதவியலாளர் இதே விளையாட்டை உயிரியலை மறந்துவிட்டு சுத்தக் கணிதமாக எழுதினார். ஒரு இடத்தில் ஒருவர் இருந்தால் இன்னொருவர் வர முடியாது, அதனால் 'விலக்கு' மாதிரி என்று பெயர். ஒற்றை வழி ரோட்டில் வரிசையாக நிற்கும் லாரிகளுக்கும் இதுதான் விதி.

வண்டி இருந்தால் அம்பு மேலே, காலி என்றால் அம்பு கீழே என்று எழுதிப் பார்த்தால், அட, இது பெத்தேயின் சங்கிலி! வண்டிகள் இரு பக்கமும் சமமாக நகரலாம் என்றால் நிகழ்தகவுக் கணக்கு அச்சு அசலாக ஹைசன்பர்க் காந்தத்தின் கணக்கு. ஒரே பக்கம்தான் நகரும் என்றால் அதன் கொஞ்சம் திரிந்த வடிவம். 1987ல் மும்பை டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த தீபக் தார் இதைப் பயன்படுத்தி, 'ஃபேஸ் டிரான்சிஷன்ஸ்' என்ற இதழில் ஒரு கட்டுரை எழுதினார். வளைய ரோட்டில் கலைந்த வண்டிகள் ஒரு நிலைக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? சும்மா அலைந்து திரிந்தால் நீளத்தின் இருமடிப் பெருக்கம். 100 இடங்கள் என்றால் 10,000 மடங்கு. ஆனால் ஒரே திசையில் தள்ளப்படும் வண்டிகளுக்கு நீளத்தின் ஒன்றரை மடிதான் வரும், அதாவது 1,000 என்று பெத்தே முறையால் காட்டினார். 1992ல் குவா, ஸ்போன் இருவரும் இதை விரிவாக எழுதியபோதுதான் பலருக்குத் தெரிய வந்தது. தீபக் தாருக்கு 2022ல் போல்ட்ஸ்மன் பதக்கம் கிடைத்தது, அதை வாங்கிய முதல் இந்தியர் அவர்.

ஆனால் இதுவும் வளையம். ஒரகடம் ரோடு வளையம் இல்லையே! ஒரு பக்கம் வருகிறார்கள், மறு பக்கம் போகிறார்கள். முனை இருந்தால் என்ன ஆகும் என்று 1991ல் யோக்கிம் க்ரூக் பார்த்து, முனையில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் மாற்றினாலே நடு ரோட்டின் நிலை தலைகீழாக மாறிவிடுகிறது என்று சொன்னார். 1993ல் டெரிடா, எவன்ஸ், ஹக்கீம், பாஸ்கியே நால்வரும் ஒரு பக்கமும், ஷூட்ஸ், டொமானி இருவரும் இன்னொரு பக்கமும் முழு விடையைக் கண்டுபிடித்தார்கள்.

டெரிடா குழுவின் முறை அவ்வளவு அழகு, அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பேப்பர் பேனா போதும். வண்டி இருந்தால் 'வ', காலி என்றால் 'கா'. ரோட்டின் நிலையை இடமிருந்து வலமாக எழுத வேண்டும், வண்டிகளும் இடமிருந்து வலமாகத்தான் நகரும். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு எடை. அதற்கு ஒரே விதி: 'வகா' என்று சேர்ந்து வந்தால் அதை 'வ' கூட்டல் 'கா' என்று பிரித்துக்கொள்ளலாம். நுழைவதும் வெளியேறுவதும் நகர்வதும் எல்லாமே சராசரியாக நிமிடத்துக்கு ஒரு முறை முயற்சி என்றால், தனி 'வ'வுக்கும் தனி 'கா'வுக்கும் எடை 1.

இரண்டு இடம் மட்டும் உள்ள ரோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு நிலைகள். காகா: 1. வவ: 1. காவ: 1. வகா: 1+1=2. மொத்தம் 5. இனி சரி பார்க்கலாம். புது வண்டி நுழைய முதல் இடம் காலியாக இருக்க வேண்டும்: காகா, காவ, சேர்த்து 5ல் 2. வெளியேற கடைசி இடத்தில் வண்டி இருக்க வேண்டும்: வவ, காவ, மறுபடியும் 5ல் 2. நடுவில் நகர 'வகா' இருக்க வேண்டும்: அதுவும் 5ல் 2. மூன்றும் ஒன்றாகப் பொருந்துகிறது! உள்ளே வருவதும் நகர்வதும் வெளியே போவதும் சமம் என்றால் கணக்கு டேலி ஆகிவிட்டது என்று அர்த்தம். 5 நிமிடத்துக்கு 2 வண்டி.

ஒரே இடம் என்றால் நுழைய ஒரு நிமிடம், வெளியேற ஒரு நிமிடம், ஆக 2 நிமிடத்துக்கு 1 வண்டி. மூன்று இடம் என்றால் 14 நிமிடத்துக்கு 5. நான்கு இடம் என்றால் 42 நிமிடத்துக்கு 14. இந்த 1, 2, 5, 14, 42 என்ற எண்கள் கணிதக்காரர்களுக்குப் பழைய நண்பர்கள், கேட்டலான் எண்கள். மூன்று ஜோடி அடைப்புக்குறிகளைத் தப்பில்லாமல் அடுக்க 5 வழி, நான்கு ஜோடிக்கு 14 வழி. லாரி வரிசைக்கும் அடைப்புக்குறிக்கும் என்ன உறவு என்று கேட்டால் 'வகா' விதிதான் உறவு. ரோடு நீள நீள இந்த விகிதம் குறைந்துகொண்டே போய், 4 நிமிடத்துக்கு 1 வண்டி என்பதில் நிற்கும். அதற்குக் கீழே போகாது.

*

இப்போது முதல் கேள்விக்கு விடை. ரோடு நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டின் நடுவே வண்டி நகரும் வேகம் 1. நுழைவாயிலின் வேகம் ஒரு எண், வெளிவாயிலின் வேகம் ஒரு எண்.

நுழைவு 0.2, வெளியேற்றம் 0.6 என்றால் ரோட்டில் ஐந்தில் ஒரு பங்குதான் வண்டி, 100 நிமிடத்துக்கு 16 வண்டி போகும் (0.2 பெருக்கல் 0.8). ரோடு காலியாக இருக்கிறதே என்று வெளிவாயிலை இன்னும் வேகமாக்கினால் ஒரு வண்டி கூடக் கூடாது. நுழைவாயில்தான் முதலாளி.

நுழைவு 0.2, வெளியேற்றம் 0.1 என்றால் நிலைமை தலைகீழ். ரோட்டின் பத்தில் ஒன்பது பங்கு வண்டிகளால் அடைபட்டிருக்கும், 100 நிமிடத்துக்கு 9 வண்டி. இங்கே நுழைவை இருமடங்காக்கி 0.4 ஆக்கினாலும் அதே 9தான். ஆனால் வெளிவாயிலை 0.1ல் இருந்து 0.15 ஆக்கினால் கிட்டத்தட்ட 13 ஆகிவிடும். நடு ரோட்டில் நின்று பார்ப்பவருக்கு 'ரோடு போதவில்லை' என்றுதான் தோன்றும். பல கிலோமீட்டர் தள்ளி ஒரு கேட்டில் செக்யூரிட்டி கேட்பாஸ் எழுதுவதுதான் காரணமாக இருக்கும்.

இரண்டு வாயிலும் 0.5க்கு மேலே போய்விட்டால் மட்டும்தான் ரோடு தன் சொந்தக் குணத்தைக் காட்டும். பாதி நிறைந்திருக்கும், 100 நிமிடத்துக்கு 25 வண்டி. அதற்கு மேல் வாயில்களில் எவ்வளவு செலவு செய்தாலும் பயன் இல்லை. ரோட்டை அகலப்படுத்துவதில் அர்த்தம் இருப்பது இந்த ஒரு நிலையில்தான். எலியாகு கோல்ட்ராட் 1984ல் நாவல் வடிவில் எழுதிய 'தி கோல்' புத்தகத்தைப் படித்தவர்கள், இது தெரிந்த பாட்டில்நெக் கதைதானே என்று சொல்லலாம். பாதி சரி. இரண்டு கேட்டும் நன்றாக இருந்தாலும் ரோடு நான்கில் ஒரு பங்குக்கு மேல் விடாது என்பதும், எல்லைக்கோடு சரியாக 0.5ல் விழுகிறது என்பதும் மேலாண்மைப் புத்தகத்தில் கிடைக்காது.

மிச்சம் ஒரு நிலை இருக்கிறது, அதுதான் பயங்கரம். நுழைவும் வெளியேற்றமும் சரிசமமாக, இரண்டும் 0.5க்குக் கீழே. உதாரணத்துக்கு இரண்டும் 0.1. வருவதும் போவதும் சமம், பேலன்ஸ் ஷீட் மாதிரி கச்சிதம் என்றுதான் திட்டமிடுபவர் நினைப்பார். ஆனால் ரோட்டின் பின்பாதி அடைபட்டும் முன்பாதி காலியாகவும் பிரிந்துவிடுகிறது, இரண்டுக்கும் நடுவில் உள்ள நெரிசலின் வால் குடிகாரன் போல முன்னும் பின்னும் அலைகிறது. ஒரு நேரம் வால் ஸ்ரீபெரும்புதூரில், ஒரு நேரம் ஒரகடத்தில். எந்தக் காரணமும் இல்லாமல்! 2005ல் மெல்போர்னின் யான் டி கியரும் ஆக்ஸ்ஃபோர்டின் ஃபேபியன் எஸ்லரும் முனைகளோடு கூடிய இந்த வரிசைக்கு பெத்தே முறையையே கொண்டு வந்து, எந்த நிலையில் கலைந்தது அடங்க எவ்வளவு நேரம் ஆகும் என்று முழுவதும் கணக்கிட்டார்கள். பெத்தேயின் 1931ம் ஸ்க்ளயானின் வழியும் தீபக் தாரின் கேள்வியும் அங்கே ஒன்றாகச் சேர்ந்தன. ஒரு வாயில் தெளிவாக மெதுவாக இருந்தால் ரோட்டின் நீளம் எவ்வளவானாலும் சீக்கிரம் அடங்கும். இரண்டு வாயிலும் வேகமாக இருந்தால் தீபக் தாரின் ஒன்றரை மடி. இரண்டும் மெதுவாக, சமமாக இருந்தால் மட்டும் இருமடிப் பெருக்கம், ரோடு இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. எட்டு மணி ஷிப்ட்டுக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று யாராலும் சொல்ல முடியாத ரோடு அது.

*

இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு போய் நெடுஞ்சாலைத் துறையிடம் கொடுத்துவிட முடியுமா? முடியாது. 2008ல் நகோயா பல்கலைக்கழகத்தின் யூகி சுகியாமா குழு வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. 230 மீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் 22 கார்கள். சிக்னல் இல்லை, கேட் இல்லை, எல்லோரும் ஒரே வேகத்தில் போக வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் தானாகவே ஒரு நெரிசல் உண்டாகி, மணிக்கு சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி நகர்ந்தது. ஸ்பிட்சரின் விளையாட்டில் இது வராது. வளையத்தில் எல்லா நிலைகளுக்கும் அங்கே சம வாய்ப்புதான். மனிதன் தாமதமாக பிரேக் போடுவதும் அவசரமாக ஆக்சிலரேட்டர் மிதிப்பதும் அந்தக் கணக்கில் இல்லை. அதைச் சேர்க்க 1992லேயே நாகல், ஷ்ரெக்கன்பர்க் இருவரும் வேறு ஒரு மாதிரி செய்தார்கள். கான்பூர் ஐ.ஐ.டி.யின் தேபாஷிஷ் சௌத்ரி, சாண்டன், ஷாட்ஷ்னைடர் மூவரும் 2000ல் இந்தத் துறை முழுவதையும் தொகுத்து எழுதிய நீண்ட கட்டுரைதான் இன்றும் புதிதாக வருபவர்களுக்கு வாசல். சௌத்ரி பிறகு ரைபோசோம் போக்குவரத்துக்கே திரும்பிப் போனார், 1968ல் தொடங்கிய இடத்துக்கு. அங்கே முந்துவது கிடையாது, ஒற்றை வழிதான், அதனால் கணக்கு ரோட்டை விட நன்றாகப் பொருந்துகிறது.

பெத்தே எழுதாமல் விட்ட அந்த அடுத்த கட்டுரை, அதாவது வரிசையை விட்டுத் தளத்துக்குப் போவது, இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. இரண்டு லேன், வழி மாறுவது, குறுக்கே திரும்புவது என்று வந்துவிட்டால் 'வகா' மாதிரி ஒற்றை வரி விதி எதுவும் கைகொடுப்பதில்லை, கணினியில் ஓட்டிப் பார்க்கத்தான் வேண்டும். ஒரகடம் பக்கத்தில் ட்ரெய்லருக்கு இடது புறம் மண்ணில் இறங்கி, இரண்டு பேரையும் ஒரு டிபன் பையையும் சுமந்து முன்னால் போய்விடுகிற டி.வி.எஸ். எக்ஸ்.எல்.ஐ 'வ' என்பதா 'கா' என்பதா என்று டெரிடாவைக் கேட்டாலும் சொல்ல மாட்டார்.